நிய்யத்தை நோட்டில் எழுதுவோம்



ஜனவரி பிறந்தால் எங்கள் வீட்டுக்கு ஒரு டைரி வரும். "தினமும் ஐம்பது பக்கம் வாசிப்பேன்" என்று முதல் பக்கத்தில் எழுதுவேன். பத்தாம் தேதிக்கு மேல் அதில் பால் கணக்குதான் இருக்கும். கல்லூரி நாட்களிலிருந்து இதே கதை. இதைப் பற்றி எழுத உங்களுக்கு என்ன தகுதி என்று கேட்டால், தவறிய அனுபவம் நிறைய உண்டு என்பேன்.

"நமக்குப் புத்தாண்டு முஹர்ரம் அல்லவா?" என்று சிலர் கேட்பார்கள். சரிதான். ஆனால் நல்ல நிய்யத்துக்கு எந்த நாளும் ஏற்ற நாளே. அரையாண்டு விடுமுறை முடிந்து பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பும் நேரம், பொதுத்தேர்வும் நெருங்குகிறது என்பதால் இப்போது பேசுகிறோம்.

சென்ற ஆண்டு ஒரு சகோதரி விதவை உதவித்தொகை மனுவோடு நமது அலுவலகம் வந்தார். எட்டாம் வகுப்பு படித்தவர். "நீங்களே எழுதுங்கம்மா" என்று பேனாவைக் கொடுத்தேன். தன் பெயரை எழுதினார். கணவர் பெயரில் பாதியில் நின்றுவிட்டார். "எழுத்து மறந்துபோச்சு பாய். இருபது வருஷமா பேனா பிடிக்கிற வேலையே இல்ல" என்றார். கண் கலங்கியது கணவர் நினைவிலா, எழுத்து வராததாலா, தெரியவில்லை. அன்று நாங்களே எழுதிக் கொடுத்தோம்.

படித்த படிப்பு இப்படியும் கையை விட்டுப் போகும். மனு எழுத ஆள் தேடினால் காசு மட்டுமா போகிறது? வீட்டு வருமானம், கடன், பிள்ளைகளின் நிலை எல்லாம் அடுத்தவர் காதுக்குப் போகிறது.

அந்தச் சகோதரி அன்றிரவே ஒரு நோட்டு வாங்கினார். இஷா தொழுததும் அன்றைய செலவையும் நடந்ததையும் ஐந்து வரி எழுதுவது, அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகன் திருத்துவான். ல, ள இரண்டிலும் மகனுக்கே சந்தேகம் என்பது வேறு விஷயம்! ரமளானில் ஸகாத் உதவிக்கு வந்தபோது படிவத்தை அவரே நிரப்பினார்.

அவர் வென்றதற்கும் நான் தோற்றதற்கும் காரணம் கணக்கில் இருக்கிறது. தினம் 50 பக்கம் என்றால் ஆண்டுக்கு 18,250 பக்கம். கடை, வேலை, குடும்பம் உள்ளவனுக்கு நடக்கிற காரியமா? தினம் 2 பக்கம் என்றால் 730. அதுவே மூன்று நான்கு புத்தகம். குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது என்ற நபிமொழியை ஆயிஷா (ரலி) வாயிலாக நாம் அறிந்திருக்கிறோம். பள்ளிவாசலில் கேட்டு வந்ததை டைரியில் மறந்துவிட்டேன்.

ஓர் எச்சரிக்கை. ஆர்வத்தில் "அல்லாஹ் மீது ஆணையாகப் படிப்பேன்" என்று சொல்லிவிடாதீர்கள், பிள்ளைகளையும் சொல்ல வைக்காதீர்கள். சத்தியத்தை முறித்தால் கஃப்ஃபாரா உண்டு. பத்து ஏழைகளுக்கு உணவோ உடையோ கொடுக்க வேண்டும், இயலாதவர் மூன்று நாள் நோன்பு வைக்க வேண்டும். நிய்யத் போதும். ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடரலாம்.

பள்ளியில் தமிழ் கிடைக்காமலே தமிழில் மேதையானவர் செய்குத்தம்பிப் பாவலர். 1874இல் நாகர்கோவில் இடலாக்குடியில் பிறந்தார். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம், பள்ளியில் மலையாளம். தமிழைச் சங்கரநாராயண அண்ணாவியாரிடம் தனியே கற்றார். சீறாப்புராணத்துக்கு உரை எழுதினார். ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் செலுத்தும் சதாவதானத்தை 1907இல் அவர் நிகழ்த்திக் காட்டியது, சென்ட்ரல் அருகே உள்ள விக்டோரியா ஹாலில். நம் யானைக்கவுனியிலிருந்து நடந்தே போகலாம். பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போய் அந்தக் கட்டடத்தைக் காட்டுங்கள்.

புத்தகம் வாங்க வசதியில்லை என்பவர்களுக்கும் வழி உண்டு. மூர் மார்க்கெட் 1985 தீ விபத்தில் போனாலும், பழைய புத்தகக் கடைகள் அல்லிக்குளம் வளாகத்தில் தொடர்ந்தன. எழும்பூரில் 1896 முதல் கன்னிமாரா நூலகம் இருக்கிறது.

நமது அலுவலகத்தில் கோடு போட்ட நோட்டுகள் வைத்திருக்கிறோம். அஸருக்குப் பிறகு வந்து வீட்டுக்கு ஒன்று பெற்றுக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, தாய்மார்களுக்கும் உண்டு. நானும் ஒன்று எடுத்திருக்கிறேன். இந்த முறை இரண்டு பக்கம்தான், இன்ஷா அல்லாஹ். பால் கணக்குக்குத் தனி நோட்டு வாங்கியாகிவிட்டது.