பிளிட்ஸ் செஸ்: கடிகாரத்தையும் சேர்த்து ஆடுங்கள்!

உலக பிளிட்ஸ் போட்டியில் ஒருவருக்கு 3 நிமிடம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 2 விநாடி கூடுதல். அதில் தடுமாறாமல் ஆட சில வழிகள்:

• வெள்ளைக்கு லண்டன் சிஸ்டம், கறுப்புக்கு காரோ-கான் என்று ஓரிரு ஓப்பனிங்குகளை நன்றாகப் பழகுங்கள். முதல் 10 நகர்த்தல்களை அரை நிமிடத்தில் முடித்துவிடலாம்.

• ஆகச் சிறந்த நகர்த்தலைத் தேடி நேரத்தைக் கரைக்காதீர்கள். பாதுகாப்பான நகர்த்தலே போதும். காயைத் தொடும் முன், 'செக் வருமா, எந்தக் காயாவது வெட்டுப்படுமா?' என்று மட்டும் பாருங்கள்.

• எதிராளியின் கடிகாரம் ஓடும்போது உங்கள் அடுத்த திட்டத்தை யோசியுங்கள்.

• காய் பலம் கூடுதலாக இருந்தால் ராணிகளை வெட்டிக்கொண்டு ஆட்டத்தை எளிதாக்குங்கள். பின்தங்கியிருந்தால் சிக்கலாக்குங்கள், எதிராளியின் நேரம் கரையும்.

• காயை நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்த வேண்டும். எதிராளி விதிக்குப் புறம்பாக நகர்த்தி கடிகாரத்தை அழுத்தினால், உடனே நடுவரை அழையுங்கள். முதல் தவறுக்கு உங்களுக்கு 1 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும்.

• உங்கள் நேரம் தீரப்போகிறதா? எதிராளியின் கடைசிச் சிப்பாயையும் வெட்டிவிடுங்கள். அவரிடம் ராஜா மட்டுமே மிஞ்சியிருந்தால், உங்கள் நேரம் தீர்ந்தாலும் ஆட்டம் டிராதான்.