சைக்கிள் சீட் வலி: சொல்லத்தான் கூச்சம், தீர்ப்பது சுலபம்!

"சைக்கிள் ஓட்டுங்க, சர்க்கரைக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீங்களும் மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடந்த மகனின் சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, உற்சாகமாகக் கிளம்பிவிட்டீர்கள். முதல் நாள் ஆனந்தம். இரண்டாம் நாள் லேசான வலி. மூன்றாம் நாள் நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. "நமக்கு இதெல்லாம் ஒத்துக்கலை" என்ற தீர்ப்போடு சைக்கிள் மறுபடியும் மாடிப்படிக்குக் கீழே போய்விடுகிறது!

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. கால் வலி, முதுகு வலி என்றால் வீட்டில் எல்லோரிடமும் சொல்லலாம். இந்த இடத்து வலியை யாரிடம் சொல்வது? அதிலும் பெண்கள் வாயே திறப்பதில்லை. என்னிடம் வந்த ஓர் ஆசிரியைக்கு வயது 48, சர்க்கரை உண்டு. சைக்கிள் பழக ஆரம்பித்த முதல் வாரமே தொடை இடுக்கில் தோல் உரிந்திருக்கிறது. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. சீழ் கட்டி, காய்ச்சல் வந்த பிறகுதான் என்னிடம் வந்தார். புண் ஆற மூன்று வாரம் ஆயிற்று. காரணம் என்ன தெரியுமா? சீட்டின் மூக்கு மேல்நோக்கித் தூக்கிக்கொண்டிருந்தது. ஒரு ஸ்பேனரால் தீர வேண்டிய விஷயம்!

அதனால் கூச்சத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, விவரமாகப் பேசுவோம்.

வலி ஏன் வருகிறது?

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புட்டத்துக்கு அடியில் கையை வைத்துப் பாருங்கள். இருபுறமும் இரண்டு எலும்பு முண்டுகள் தட்டுப்படும். சைக்கிளில் உடம்பின் பாரம் இந்த இரண்டின் மேல்தான் இறங்க வேண்டும். சோபாவுக்குப் பழகிய அந்தச் சதைக்கு இந்த அழுத்தம் புதிது. அதனால்தான் முதலில் வலிக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் அளவோடு ஓட்டினால் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று வாரங்களில் பழகிவிடும். இது இயல்பான வலி. பயம் வேண்டாம்.

ஆனால் தொடை இடுக்கில் எரிச்சல் என்றால் அது வேறு. வியர்வை, வெப்பம், உராய்வு மூன்றும் சேர்ந்து தோலைத் தேய்க்கின்றன. மூன்றாவது வகை மரத்துப்போவது. பாரம் எலும்பில் இறங்காமல், நடுவில் இருக்கும் மென்மையான பகுதியை அழுத்துகிறது. அங்கே முக்கியமான நரம்பும் ரத்தக் குழாய்களும் ஓடுகின்றன. இதை மட்டும் "பழகிடும்" என்று விடக்கூடாது.

முதல் வைத்தியம் ஸ்பேனர்!

பழகும்போது சீட்டைத் தாழ்த்தி வைத்திருப்பீர்கள். இரண்டு காலும் தரையில் ஊன்றினால்தான் தைரியம் வரும். அது சரிதான். ஓட்ட வந்த பிறகும் பலர் அதை உயர்த்துவதே இல்லை. தப்பு அங்கேதான்! சீட் தாழ்வாக இருந்தால் கால் பாரத்தை வாங்காது. மொத்த எடையும் புட்டத்தில் இறங்கும். முழங்கால் மூட்டும் வலிக்கும்.

சரியான உயரம் எது? சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால், முழங்கால் லேசாக மடிந்திருக்கும். ஒரே நாளில் உயர்த்தாமல், வாரத்துக்கு அரை அங்குலமாக உயர்த்துங்கள். அதிகமாக உயர்த்தினாலும் ஆபத்து. இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடி, தோல் தேயும்.

சீட் தரைக்குச் சமமாகப் படுத்திருக்கட்டும். மூக்கு மேலே தூக்கவே கூடாது. மெத்தென்ற கவர் வாங்கி மாட்டினால் வலி போய்விடும் என்று நினைக்காதீர்கள். அளவுக்கு மீறிய மெத்தையில் எலும்பு அமிழ்ந்துபோய், நடுப்பகுதிதான் இன்னும் நசுங்கும். எலும்பு முண்டுகள் இரண்டும் மேலே அமரும் அளவுக்கு சீட்டின் பின்புறம் அகலமாக இருந்தால் போதும்.

உடையில் கவனம்

ஜீன்ஸ் பேன்ட் வேண்டாம். அதன் தடித்த தையல் சரியாக அந்த இடத்தில்தான் வந்து உறுத்தும். நைலான் உள்ளாடையும் வேண்டாம். மெல்லிய தையலுள்ள, உடம்போடு ஒட்டிய பருத்தி உள்ளாடை நல்லது. சைக்கிள்காரர்கள் போடும் பஞ்சு வைத்த கால்சட்டை வாங்கினால், அதற்குள் உள்ளாடை போடக்கூடாது. துப்பட்டாவை இடுப்பில் இறுக முடிந்துகொள்ளுங்கள். சேலை கட்டுபவர்கள் முழு செயின் கவரும், பின்சக்கரத்துக்கு வலையும் இல்லாமல் ஏறவே வேண்டாம்.

கிளம்பும்முன் தொடை இடுக்கில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் ஊன்றி, சீட்டை விட்டுச் சற்றே எழுந்திருங்கள். பள்ளம், வேகத்தடை வந்தாலும் அப்படியே. இது கைவராத புதியவர்கள் இறங்கி, இரண்டு நிமிடம் நடந்தாலும் போதும். முதல் வாரம் 10 அல்லது 15 நிமிடம் தாராளம்.

வீட்டுக்கு வந்ததும் அதே வியர்வைத் துணியோடு காபி குடித்துக்கொண்டு பேப்பர் படிக்காதீர்கள். முதலில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, துணி மாற்றுங்கள். பிறகு காபி.

வலி வந்துவிட்டால்?

எலும்பு முண்டில் வெறும் வலி என்றால் ஓரிரு நாள் ஓய்வு போதும். தோல் சிவந்து எரிந்தால், திரிபலா சூரணம் ஒரு டீஸ்பூனை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு, ஒரு டம்ளராக வற்றக் காய்ச்சி வடிகட்டுங்கள். வெதுவெதுப்பானதும் அந்த இடத்தைக் கழுவுங்கள். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் துவர்ப்புள்ளவை. ரணத்துக்கு இதமாக இருக்கும். தோல் லேசாக உரிந்திருந்தால் சித்த மருந்துக் கடைகளில் கிடைக்கும் குங்கிலிய வெண்ணெயை மெல்லிசாகத் தடவலாம். அடுப்படி மஞ்சள்தூளை அப்புவது, சுண்ணாம்பு தடவுவது வேண்டாம். தோல் ஆறும்வரை சைக்கிளைத் தொடாதீர்கள்.

சின்னக் கட்டி வந்தால் பிதுக்காதீர்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால், சூடு பொறுக்கும் அளவில், தினம் மூன்று வேளை ஒத்தடம் கொடுங்கள்.

கட்டி பெரிதானாலும், காய்ச்சல் வந்தாலும், இறங்கிய பிறகும் மரமரப்பு போகாவிட்டாலும், ரத்தம் கண்டாலும், சிறுநீர் கழிக்கையில் எரிந்தாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் சின்னப் புண்ணுக்கும் காத்திருக்கக் கூடாது. கர்ப்பிணிகள் புதிதாக சைக்கிள் பழக வேண்டாம். பிரசவம் ஆனவர்கள் தையல் புண் நன்றாக ஆறி, மருத்துவர் சரி என்ற பிறகு ஏறலாம். மூலம், தலைசுற்றல், இதய நோய் உள்ளவர்களும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயம் போக

"இந்த வயசுல விழுந்து வச்சா?" இந்தப் பயம் நியாயமானதுதான். சின்னப் பிள்ளையில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியபோது விழுந்தால் முட்டிதான் சிராய்க்கும். இப்போது அப்படி விழ வேண்டிய அவசியமே இல்லை.

சைக்கிள் கடையில் இரண்டு பெடலையும் கழற்றித் தரச் சொல்லுங்கள். நீங்களே கழற்றினால், இடது பெடலின் மரை மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பும் என்பதை மறக்காதீர்கள். சீட்டைத் தாழ்த்தி, காலியான மைதானத்தில் காலால் தரையை உந்தி உருட்டிப் பழகுங்கள். கால் தூக்கியபடி 20, 30 அடி போக முடிகிறதா? பேலன்ஸ் வந்துவிட்டது! கூடவே பிரேக் பிடித்து நிற்கவும் பழகுங்கள். முன் பிரேக்கை மட்டும் சடக்கென்று பிடிக்காதீர்கள். பிறகு பெடலை மாட்டலாம்.

பார்வை முன்சக்கரத்தில் வேண்டாம், தூரத்தில் இருக்கட்டும். கண் போன பக்கம்தான் சைக்கிளும் போகும். சாயும் பக்கமே ஹேண்டில் பாரைத் திருப்பினால் சைக்கிள் நிமிரும். உதவிக்கு வருபவர் ஹேண்டில் பாரைப் பிடிக்காமல் சீட்டின் பின்னால் பிடிக்கட்டும். நிற்க, திரும்ப, ஒரு கையை விட்டு சைகை காட்ட வந்த பிறகே தெருவுக்குப் போங்கள். அதுவும் ஞாயிறு காலையில், தலைக்கவசத்தோடு.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். லேடீஸ் சைக்கிள் போதாமல், ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகியவர்கள் உண்டு. கேலி பேசியவர்களும் இருந்தார்கள்தான். ஆனால் தண்ணீர்க் குடத்தோடும் பிள்ளைகளோடும் அந்தப் பெண்கள் சைக்கிளில் போனதை ஊரே பார்த்தது. அவர்களால் முடிந்தது உங்களாலும் முடியும்.

வலித்தால் சைக்கிளை ஓரங்கட்டாதீர்கள். வலிக்கிறது என்று வீட்டில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். சீட்டின் உயரத்தைப் பாருங்கள், சாய்வைப் பாருங்கள், உடையைப் பாருங்கள். தோல் உரியவில்லை, மரமரப்பும் இல்லை என்றால் ஒருநாள் விட்டு மறுநாள் மறுபடி ஏறுங்கள்.