சந்தைக்கு ஒரு நடை போய் வா

அன்புள்ள செல்விக்கு,

பெரியப்பா எழுதுவது. மாப்பிள்ளைக்கு மாற்றல் கிடைத்து நீங்கள் மதுரை அண்ணா நகரில் குடியேறியதில் ரொம்ப சந்தோஷம். போன வாரம் வந்திருந்த உன் அம்மா, நீ கொத்தமல்லிக் கட்டைக்கூட செல்போனில்தான் வரவழைக்கிறாய் என்றாள். முன்பைவிட இளைத்திருக்கிறாய் என்றும் சொன்னாள். இரண்டையும் நான் முடிச்சுப் போடவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

உங்கள் அண்ணா நகரிலேயே உழவர் சந்தை இருக்கிறது. தமிழ்நாட்டில் முதலில் வந்தது அதுதான். 1999 நவம்பர் 14 அன்று கலைஞர் திறந்து வைத்தார். விடிந்ததும் மஞ்சப்பையோடு போ. முதலில் விலைப் பலகையைப் பார். வெளிக்கடை விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பிறகு அவசரப்படாமல் ஒரு சுற்று வா. பிஞ்சு வெண்டைக்காய் நுனி பட்டென்று ஒடியும். கத்தரிக்காய்க்குக் காம்பைப் பார். வாடாமல் பச்சையாக இருந்தால் புதுசு. சுரைக்காயில் நகம் இறங்க வேண்டும், முருங்கைக்காய் முறுக்கினால் வளைய வேண்டும். கீரை வேரில் ஈரமண் ஒட்டியிருக்கும், அதைத் தனிப் பையில் வை. மார்கழி, தையில் மொச்சையும் சிறுகிழங்கும் வரும். எப்படிச் சமைப்பதென்று விற்கிற அம்மாவிடமே கேள். பக்குவம் சொல்லிக்கொண்டே ஒரு கொத்து கறிவேப்பிலையும் பையில் போடுவார். செல்போனில் இதற்கு ஏது வழி?

உழவர் சந்தையில் தரகர் கிடையாது. அடையாள அட்டை வாங்கிய விவசாயி தன் காயைத் தானே விற்கலாம். கடைக்கு வாடகை இல்லை, தராசும் அங்கேயே கொடுக்கிறார்கள். இதன் அருமை உன் தாத்தாவின் மண்டிச் சிட்டையைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கமிஷன், இறக்குகூலி, சாக்குக் கழிவு, அதற்குமேல் அழுகல் என்று தனியாக ஒரு கழிவு. விலை கேட்டால், "சரக்கு போகட்டும் பெரியவரே, பார்த்துப் போடுறோம்" என்பார் மண்டிக்காரர். ஒரு வருஷம் தக்காளி போட்டதில் வண்டி வாடகைக்குக்கூடக் காசு மிஞ்சவில்லை. அதில் பாட்டியின் கம்மல் போனது உனக்கே தெரியும், மறுபடி கிளறவில்லை. அந்த மண்டிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குத் தாத்தா மொய்யும் எழுதிவிட்டு வந்தார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. செல்போனில் காய் விற்கிறவர்களும் எனக்கு மண்டிக்காரராகத்தான் படுகிறார்கள். மண்டிக்காரர் முகத்தையாவது பார்க்க முடிந்தது.

மற்றபடி உன் இஷ்டம். வேலைக்குப் போகிற பிள்ளை, தினமும் முடியாதென்று எனக்கும் தெரியும். செல்போனிலேயே வாங்குவதென்றால் வாங்கு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். சந்தைக்குப் போவதாக இருந்தால் மட்டும் ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்குள் போய்விடு. நல்ல காயெல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிடும். பை தூக்க மாப்பிள்ளையையும் கூட்டிப்போ.

ரொம்பப் பேசிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே தாயி. நம் குடும்பத்தில் உன்னைப் போலப் பொறுப்பான பிள்ளை கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவன் நான்தான். உன் கையால் வெறும் ரசம் வைத்தாலும் தெரு மணக்கும். பொங்கலுக்கு இரண்டு பேரும் கட்டாயம் வாருங்கள், பந்தல் அவரைக்காய் உனக்கென்றே விட்டுவைக்கிறேன். அதுவரை நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய் வந்ததும் எனக்கு ஒரு போன் போடு.

உன் பெரியப்பா