ஒரு மணியின் மதிப்பு

நுழையும்முன்
கணினி தரும் விடையைப் பெரும்பாலும் ஐயமின்றி ஏற்றுக்கொள்கிறோம். அவ்விடை பெறப்பட்ட வழியை அறிந்தவரே அதன் எல்லையையும் அறிவர். இரும மடக்கையைக் கணக்கிடும் முறை இதற்குத் தக்க சான்றாகும்.

ஓர் எண்ணைப் பெற இரண்டை எத்தனையாம் படிக்கு உயர்த்த வேண்டும் என்பதைக் கூறுவது இரும மடக்கை. 8 என்பது இரண்டின் மூன்றாம் படி. ஆதலின் 8இன் இரும மடக்கை 3. அகரவரிசையில் அமைந்த ஆயிரம் பெயர்களுள் ஒன்றைத் தேடும்போது, பட்டியலை ஒவ்வொரு முறையும் பாதியாகப் பகுத்துச் சென்றால் மிகுதியாகப் பத்து ஒப்பீடுகளே தேவைப்படும். 1000இன் இரும மடக்கை ஏறத்தாழ 9.97 என்பதை இதனோடு ஒப்பிட்டுக் காண்க.

பைத்தான் மொழியின் 'மேத்' என்னும் கணித நூலகம் இதற்கு இரு வழிகளைத் தருகிறது. 'லாக்' என்னும் செயற்கூற்றுக்கு எண்ணையும் 2 என்னும் அடிமானத்தையும் அளிப்பது முதல் வழி. அது எண்ணின் இயல் மடக்கையை 2இன் இயல் மடக்கையால் வகுக்கிறது. அவ்விரண்டும் முடிவுறாத் தசமங்கள். கணினி அவற்றைத் தோராயமாகவே கொள்கிறது. எனவே, 2இன் 29ஆம் படியாகிய 536870912க்கு 29.000000000000004 என்னும் விடை கிடைக்கிறது. 2012இல் வெளிவந்த பைத்தான் 3.3 பதிப்பில் சேர்க்கப்பட்ட 'லாக்2' என்பது இரண்டாம் வழி. அது 29.0 எனச் சரியாகத் தருகிறது.

ஆயினும், 'லாக்2'க்கும் எல்லை உண்டு. சதுரங்கக் கட்டங்களில் ஒன்று, இரண்டு, நான்கு என இரட்டித்து வைக்கும் தானிய மணிகளின் கதையை அறிவோம். 64 கட்டங்களிலும் சேரும் மணிகள் 18446744073709551615. இது 2இன் 64ஆம் படிக்கு ஒன்று குறைவு. ஆகவே, இதன் இரும மடக்கையும் 64க்குச் சற்றே குறைந்தது. அதன் முழுஎண் பகுதி 63. 'லாக்2' தருவதோ 64.0. கணினியின் மிதவைப்புள்ளி எண் 53 இரும இலக்கங்களின் துல்லியத்தையே உடையது. அதனால் அந்த ஒரு மணியின் குறைவு மறைந்துவிடுகிறது.

முழுஎண் பகுதி மட்டும் வேண்டுமெனில், எண்ணின் இரும இலக்கங்களை நேரே எண்ணும் 'பிட்_லெங்த்' துணைசெய்யும். அது தரும் 64இலிருந்து ஒன்றைக் கழித்தால் 63 கிடைக்கும். தோராயம் போதுமான இடம் எது, ஒரு மணியும் தவறக்கூடாத இடம் எது எனப் பகுத்தறிவது கணினியின் பணியன்று. நிரல் எழுதுவோரின் கடமை.

கற்பவை கற்றபின்
10ஐ அடிமானமாகக் கொண்ட 1000இன் மடக்கையை 'லாக்', 'லாக்10' ஆகிய இரு செயற்கூறுகளாலும் கண்டு, விடைகளின் முழுஎண் பகுதிகளை ஒப்பிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.