கல்யாணப் பத்திரிகைக்கு முன் ஒரு மின்னஞ்சல்

பெண்ணை அமெரிக்காவுக்கு அனுப்பும் தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் மருத்துவக் காப்பீட்டுப் பேச்சு எடுத்தால் முதலில் வருவது அபராதம்தான். காப்பீடு இல்லாவிட்டால் வருமான வரியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள் என்று ஒருவர் சொல்வார். அதையெல்லாம் எப்போதோ எடுத்துவிட்டார்கள் என்று இன்னொருவர் மறுப்பார். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. 2010-இல் ஒபாமா ஆட்சி கொண்டுவந்த சட்டம், 2014 முதல் எல்லோரும் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்றது. வைத்திராதவர்கள் 2016 முதல் 2018 வரை பெரியவர் ஒருவருக்கு 695 டாலர், அல்லது வரம்புக்கு மேற்பட்ட குடும்ப வருமானத்தில் இரண்டரை சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டியிருந்தது. 2017 டிசம்பரில் வந்த வரிச் சட்டம் 2019 முதல் அந்தத் தொகையைப் பூஜ்யமாக்கியது. ஆனால் மத்திய அரசு கைவிட்டதைச் சில மாநிலங்கள் தாங்களே எடுத்துக்கொண்டன. மாசசூசெட்ஸ் 2006-லேயே தனிச் சட்டம் போட்டிருந்தது. நியூ ஜெர்சியும் தலைநகர் வாஷிங்டனும் 2019-இல் சேர்ந்தன. கலிஃபோர்னியாவும் ரோட் ஐலண்டும் 2020-இல். வெர்மான்ட்டில் சட்டம் உண்டு, தண்டம் இல்லை. டெக்சாஸில் இரண்டுமே இல்லை. ஆகவே முதல் வேலை, மாப்பிள்ளை எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்று கேட்பது. டல்லாஸ் என்றால் அபராதப் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம். எடிசன், ஃபிரீமான்ட், பாஸ்டன் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

என் கட்சி இதுதான்: அபராதத்தைப் பற்றி இவ்வளவு பேசுவதால் உண்மையான ஆபத்து கண்ணுக்குப் படாமல் போகிறது. தண்டம் எவ்வளவு என்று கணக்குப் போட்டாலே இது விளங்கும். கலிஃபோர்னியாவில் 2024-ஆம் ஆண்டுக்குப் பெரியவர் ஒருவருக்குக் குறைந்தது 900 டாலர் என்று இருந்தது. ஐ.டி. குடும்பங்களுக்குப் பெரும்பாலும் சதவீதக் கணக்குதான் பொருந்தும். கணவருடைய சம்பளம் ஒன்றரை லட்சம் டாலர், வரம்பு நாற்பதாயிரம் என்று வைத்துக்கொண்டால், மிச்சம் 1,10,000-க்கு இரண்டரை சதவீதம் 2,750 டாலர். இது முழு ஆண்டுக்கான தொகை. மாதத்துக்குச் சுமார் 229 டாலர்தான் ஆகிறது. காப்பீடு இல்லாத மாதங்களுக்கு மட்டுமே கட்ட வேண்டும். பெண் கும்பகோணத்தில் இருந்த மாதங்கள் கணக்கில் வராது, அவள் அந்த மாநிலத்தில் குடியேறிய பிறகுதான் எண்ணத் தொடங்குவார்கள். தொடர்ச்சியாக மூன்று மாதமோ அதற்குக் குறைவோ இடைவெளி இருந்தால் கலிஃபோர்னியாவில் விலக்கும் உண்டு. வரிப் படிவத்தோடு 3853 என்ற படிவத்தை இணைத்துக் கோர வேண்டும். இடைவெளி நான்காவது மாதத்துக்கு நீண்டால் முதல் மூன்று மாத விலக்கும் சேர்ந்து போய்விடும். இதை மட்டும் நினைவில் வையுங்கள். மற்றபடி இது ஒரு குடும்பத்தைக் கவிழ்க்கும் தொகை அல்ல. காப்பீடு இல்லாத ஒரு மாதத்தில் குடல்வால் அறுவை செய்ய நேர்ந்தால் வரும் பில் கவிழ்த்துவிடும்.

விசாவுக்கே காப்பீடு கட்டாயமா என்பது அடுத்த கேள்வி. 2019 அக்டோபரில் டிரம்ப் வெளியிட்ட அறிவிப்பு ஒன்று, குடியேற்ற விசா கேட்பவர்கள் வந்து இறங்கிய முப்பது நாளுக்குள் காப்பீடு எடுக்க முடியும் என்று காட்ட வேண்டும் என்றது. நீதிமன்றம் அதை உடனே தடுத்தது, 2021 மே மாதம் பைடன் ரத்து செய்தார். அந்தக் காலத்து வாட்ஸப் செய்தி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால் பொருட்படுத்த வேண்டாம். வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்குத் தரும் எச்-4 விசாவுக்கும் அப்படி ஒரு நிபந்தனை கிடையாது. விதிவிலக்கு ஜே விசா. சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் முடித்து போஸ்ட்டாக்காகப் போகிறவர்கள் பலர் இந்த விசாவில்தான் போகிறார்கள். அவர்களுக்கும் ஜே-2-வில் உடன் போகும் மனைவிக்கும் காப்பீடு சட்டப்படி கட்டாயம்: ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது ஒரு லட்சம் டாலர், நாம் முதலில் கைவிட்டுக் கட்ட வேண்டியது 500 டாலருக்கு மிகாமல். வேண்டுமென்றே தவறினால் அபராதத்தோடு முடியாது, ஆய்வு வாய்ப்பே போய்விடும்.

இனி எல்லோரும் இடறி விழும் படி. கணவருடைய கம்பெனித் திட்டத்தில் மனைவியைச் சேர்ப்பதற்கு ஆண்டு முழுவதும் கதவு திறந்திருப்பதில்லை. பெரும்பாலான கம்பெனிகளில் அக்டோபர், நவம்பர் வாக்கில் சில வாரம் திறக்கும், ஜனவரி முதல் தேதி காப்பீடு தொடங்கும். இடையில் சேர்க்க வேண்டுமானால் வாழ்க்கையில் ஒரு மாற்றம் நடந்திருக்க வேண்டும். கல்யாணம் அப்படி ஒரு மாற்றம். 1996-ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டம் அதற்குக் குறைந்தது முப்பது நாள் அவகாசம் தரச் சொல்கிறது. பல கம்பெனிகள் அந்தக் குறைந்தபட்சத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. தை மாதம் கும்பகோணத்தில் கல்யாணம், மூன்று வார லீவில் வந்த மாப்பிள்ளை திரும்பிவிட்டார், சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா முடிந்து பெண் வைகாசியில் கிளம்புகிறாள் என்று வையுங்கள். பெண் விமானம் ஏறுவதற்குள் முப்பது நாள் எப்போதோ முடிந்திருக்கும். "வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது இங்கே மிக விலையுயர்ந்த வாக்கியம்.

இதில் நம் ஊருக்கே உரிய குழப்பம் ஒன்று உண்டு. 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி, கல்யாணம் முடிந்து 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் போதும். அதையும் தாண்டினால் கூடுதல் கட்டணம் கட்டிப் பதியலாம். இந்தத் தாராளத்தை நம்பி, கல்யாண அலுப்பெல்லாம் தீர்ந்து, மறுவீடு முடிந்து, சான்றிதழ் கையில் கிடைக்கும்போது அமெரிக்கக் கணக்கின் முப்பது நாள் போயிருக்கும். அந்தக் கணக்கு பதிவுத் தேதியிலிருந்து தொடங்குவதில்லை, சான்றிதழில் திருமண நாள் என்று எழுதியிருக்கும் தேதியிலிருந்து தொடங்குகிறது. ஆகவே முகூர்த்தம் முடிந்த வாரத்திலேயே பதிவை முடியுங்கள். விசாவுக்கு வசதியாக இருக்கும் என்று முகூர்த்தத்துக்குப் பல மாதம் முன்பே பதிந்துவைக்கும் வழக்கமும் பரவியிருக்கிறது. அதை நான் ஏற்பதில்லை. சடங்கே நடக்காமல் பதிவு மட்டும் செய்தால் அது இந்துத் திருமணமாகாது என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பி.வி. நாகரத்னா அமர்வு சொல்லிவிட்டது. விசாவுக்காக இப்படிச் செய்வதையும் அந்தத் தீர்ப்பு குறிப்பிட்டுக் கண்டித்தது. காப்பீட்டுக் கோணத்தில் பார்த்தாலும் நஷ்டம்தான், ஏனென்றால் முப்பது நாள் கடிகாரம் அந்த முன்தேதியிலேயே ஓடத் தொடங்கிவிடும். முன்கூட்டிச் சான்றிதழ் வேண்டும் என்றால் உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றிச் சுயமரியாதைத் திருமணமாகவே நடத்திவிடுங்கள். தமிழ்நாட்டில் அதற்குச் சட்ட ஏற்பு உண்டு. ஆனால் அன்றைக்கே கம்பெனிக்கும் தெரிவித்துவிடுங்கள்.

சரி, பெண் இன்னும் இங்கேதானே இருக்கிறாள், இப்போதே சேர்த்துப் பிரீமியம் கட்டுவது வீண் இல்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, விடை விசாவைப் பொறுத்தது. எச்-4 அல்லது, கம்பெனி மாற்றலில் போனவரின் மனைவிக்குத் தரும் எல்-2 என்றால் சில மாதத்தில் போய்விடுவாள், ஆகவே கல்யாணமான கையோடு சேர்த்துவிடுங்கள் என்பதுதான் என் விதி. சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இல்லை என்பதற்காகத் தயங்க வேண்டாம், பின்னால் கொடுக்கலாம். இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கல்யாணத்துக்காகச் சேர்ப்பது பின்தேதியிட்டு வராது. விண்ணப்பித்த மாதத்துக்கு அடுத்த மாதம் முதல் தேதிக்குள் தொடங்கும், அவ்வளவுதான். மேலும், பிரீமியத்தை வரிக்கு முந்தைய சம்பளத்திலிருந்து பிடிப்பதால், விசா தாமதமாகிறது என்று நடுவில் நினைத்தபோது நிறுத்த முடியாது. மாப்பிள்ளை குடியுரிமையோ கிரீன் கார்டோ வைத்திருந்து மனைவிக்குக் குடியேற்ற விசா போடுகிறார் என்றால் கணக்கு மாறும். அதற்கான ஐ-130 மனு நகரவே ஓராண்டு, அதற்கு மேலும் ஆகலாம். அத்தனை மாதம் பிரீமியம் கட்டுவது உண்மையிலேயே வீண். அவர்கள் வேறு கதவைத் தட்ட வேண்டும்.

அந்தக் கதவு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எச்.ஆர்.-க்கு ஒரு மின்னஞ்சல் போதும். கேட்க வேண்டியது மூன்று. மனைவி முதல்முறையாக அமெரிக்கா வந்து சேர்வதை உங்கள் திட்டம் சேர்க்கைக்கு உரிய நிகழ்வாக ஏற்கிறதா? ஏற்றால் எத்தனை நாள் அவகாசம்? என்ன ஆதாரம் வேண்டும்? ஆதாரம் பெரும்பாலும் நாட்டுக்குள் நுழைந்ததைக் காட்டும் ஐ-94 பதிவும் திருமணச் சான்றிதழும்தான். இந்தியாவில் இருந்த காப்பீடு முடிந்துபோனதற்கான கடிதத்தை ஏற்கும் கம்பெனிகளும் உண்டு. மாப்பிள்ளை வீட்டுக் குடும்ப ஃபுளோட்டர் பாலிசியில் பெண்ணைச் சேர்த்திருந்தால் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். பதில் எழுத்தில் வரட்டும். போனில் "பார்த்துக்கொள்ளலாம் சார்" என்று சொன்னவர் ஆறு மாதம் கழித்து அந்த நாற்காலியில் இருக்க மாட்டார்.

கம்பெனிக் கதவு மூடியிருந்தால் அரசுச் சந்தை இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவில் குடியேறுகிறவர்களுக்கு வந்த நாளிலிருந்து 60 நாள் தனி அவகாசம் உண்டு, அதற்கு முன் காப்பீடு வைத்திருந்தாரா என்று கேட்க மாட்டார்கள். கலிஃபோர்னியாவில் கவர்டு கலிஃபோர்னியா, நியூ ஜெர்சியில் கெட் கவர்டு என்.ஜே., மாசசூசெட்ஸில் ஹெல்த் கனெக்டர், டெக்சாஸில் மத்திய அரசின் ஹெல்த்கேர்.கவ். எச்-4-இல் இருப்பவர்களும் வாங்கலாம். மானியத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஐ.டி. சம்பளத்துக்குக் கிடைப்பது அரிது. 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2027 முதல் எச்-4 போன்ற தற்காலிக விசாக்காரர்களுக்கு மானியமே கிடையாது. முழு விலைக்கு வாங்கினாலும் வாங்கியே ஆக வேண்டும் என்பேன்.

இங்கேதான் பெரிய மறுப்பு வரும்: பத்தாயிரம் ரூபாய்க்குள் டிராவல் பாலிசி கிடைக்கிறதே, அது போதாதா? போதாது. அபராதம் போடும் மாநிலங்கள் அதைக் காப்பீடாகவே எண்ணுவதில்லை. அதைவிட முக்கியம், பயணப் பாலிசி ஏற்கெனவே உள்ள நோயைத் தள்ளிவிடும், பிரசவத்தையும் தள்ளிவிடும். 2010 சட்டத்துக்கு உட்பட்ட திட்டங்கள் இரண்டையும் தள்ள முடியாது. புதுமணப் பெண்ணுக்கு அமெரிக்காவில் முதல் பெரிய மருத்துவச் செலவு எதுவாக இருக்கும் என்று எந்த அம்மாவுக்கும் சொல்லத் தேவையில்லை. அங்கே பிரசவச் செலவு பத்தாயிரம் டாலரை எளிதில் தாண்டும், சிசேரியன் என்றால் கேட்கவே வேண்டாம். "வயசுப் பெண், என்ன வந்துவிடப் போகிறது" என்ற சமாதானம் இங்கே செல்லாது. வயதுப் பெண் என்பதால்தான் இந்தச் செலவு வருகிறது. பயணப் பாலிசிக்கு ஒரே ஒரு உபயோகம் உண்டு. விமானம் இறங்கிய நாளுக்கும் உண்மையான காப்பீடு தொடங்கும் முதல் தேதிக்கும் இடையில் உள்ள சில வாரத்தை அது மூடும். அதற்கு மட்டும் வாங்குங்கள்.

கடைசி வேலை, அடுத்த ஏப்ரலில் வரிக் கணக்கு. கணவனும் மனைவியும் சேர்ந்து தாக்கல் செய்தால் பெரும்பாலும் வரி குறையும். எச்-4 பெண்ணுக்கு அதற்கு ஐடின் என்ற வரி அடையாள நம்பர் வேண்டும், டபிள்யூ-7 படிவத்தை வரிக் கணக்கோடு இணைக்க வேண்டும். கூடவே பாஸ்போர்ட்டின் அசலோ, அதை வழங்கிய அரசு சான்றளித்த நகலோ தேவை. நீதிமன்ற வாசலில் வாங்கிய நோட்டரி முத்திரை செல்லாது. அமெரிக்காவிலுள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று நகல் வாங்கிக்கொள்வது நல்லது. குடியேற்ற விசாவில் போகிறவர்கள் விண்ணப்பத்திலேயே சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கேட்டுவிடலாம், இந்த அலைச்சல் மிச்சம். டெல்டாக் குடும்பங்கள் தவறவிடும் விஷயம் வேறு. ஆண்டின் பிற்பகுதியில் போன பெண்ணை அந்த ஆண்டுக்கே அமெரிக்கக் குடியிருப்பாளராக நடத்தச் சொல்லிச் சேர்ந்து தாக்கல் செய்தால், உலகில் எங்கே வந்த வருமானமாக இருந்தாலும் அவள் காட்ட வேண்டும். சீதனமாக எழுதிவைத்த இரண்டு ஏக்கரின் குறுவை, சம்பா குத்தகைப் பணத்துக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. அமெரிக்காவில் அந்த விலக்கு கிடையாது. வங்கி வட்டியையும் அங்கே காட்ட வேண்டும். காப்பீட்டில் இடைவெளி இருந்து அபராதமும் விழுந்தால், அந்த இரண்டரை சதவீதத்தை இந்த வருமானத்தையும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள்.

பத்திரிகை அச்சுக்குப் போகும் முன் அந்த மின்னஞ்சலை மாப்பிள்ளை அனுப்பிவிட்டாரா என்று கேளுங்கள். சம்பந்தி வீட்டில் இதை எப்படிக் கேட்பது என்று கூச்சப்படாதீர்கள். பந்திக்கு எத்தனை பேர் என்று கேட்கிறபோதே இதையும் கேட்டுவிடுங்கள்.