அஸ்தானா: ஸ்ரெப்பிப் புல்வெளியில் ஒரு தலைநகர்

மாணவர்களே, கசகஸ்தானின் தலைநகர் எது எனக் கேட்டால் சிலர் அல்மாட்டி என்றும் சிலர் நூர்சுல்தான் என்றும் எழுதிவிடுகின்றனர். பழைய நூல்களைப் படிப்போருக்கு நேரும் தவறு இது. இரண்டு விடைகளுக்கும் இன்று புள்ளி கிடையாது.

1830 இல் ஒரு கோட்டையாகத் தோன்றிய இந்நகர் அக்மோலின்ஸ்க் எனப்பட்டது. சோவியத் அரசு 1954 முதல் இப்புல்வெளியைக் கோதுமைக்காக உழுதது. அதனால் 1961 இல் ‘கன்னி நில நகர்’ எனப் பொருள்படும் செலினோகிராட் ஆயிற்று. 1992 இல் அக்மோலா, 1998 இல் அஸ்தானா, 2019 இல் நூர்சுல்தான், 2022 இல் மீண்டும் அஸ்தானா. கசாக் மொழியில் இச்சொல்லுக்குத் ‘தலைநகர்’ என்பதே பொருள்.

தலைநகர் ஏன் இங்கு வந்தது? அல்மாட்டி நாட்டின் தென்கிழக்கு மூலையில், மலையடிவாரத்தில், நிலநடுக்க வலயத்தில் உள்ளது. நகரம் விரிவடைய இடமும் போதாது. ரஷ்யர் அதிகம் வாழ்ந்த வடபகுதியை நாட்டுடன் இறுகப் பிணைப்பதும் ஒரு நோக்கம் என்பர். 1997 டிசெம்பரில் இடமாற்றம் நடந்தது. அப்போது ஏறத்தாழ 3 இலட்சமாக இருந்த சனத்தொகை இன்று 10 இலட்சத்துக்கும் அதிகம்.

நீங்கள் ஜனவரியில் அங்கு போய் இறங்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். நகரின் நடுவே ஓடும் இஷிம் ஆறு உறைந்து கிடக்கும். சராசரி வெப்பநிலை ஏறத்தாழ -14 பாகை செல்சியஸ். இலண்டனும் ஏறக்குறைய இதே 51 பாகை வட அகலக்கோட்டில்தான் உள்ளது. ஆயினும் அங்கு ஆறு உறைவதில்லை. கடலின் தாக்கம் எட்டாத கண்ட உட்பகுதி என்பதே வேறுபாட்டுக்குக் காரணம். பரீட்சையில் இதை விளக்கத் தெரிந்திருத்தல் வேண்டும். தடுப்பதற்கு மலையில்லாத சமவெளியாதலால் காற்றும் கடுமையானது. ஆகவே நகரைச் சுற்றி மரங்கள் நட்டுப் பசுமை வலயம் அமைத்துள்ளனர்.

ஆற்றின் வலக்கரையில் பழைய நகர். இடக்கரையில் யப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவாவின் திட்டத்தைத் தழுவி எழுந்த புதிய நகர். இங்குள்ள பைத்தெரெக் கோபுரத்தின் காட்சித்தளம் 97 மீற்றர் உயரத்தில் உள்ளது. 1997 ஐ நினைவூட்டவே அந்த அளவு. அங்கிருந்து பார்த்தால் ஒரு புறம் சனாதிபதி மாளிகையும் மறுபுறம் 2010 இல் திறக்கப்பட்ட கான் ஷாத்திர் என்னும் பெருங்கூடாரமும் தெரியும். வெளியே பனி கொட்ட, அக்கூடாரத்தினுள் செயற்கைக் கடற்கரையில் பிள்ளைகள் நீந்துவர்!

பயிற்சி: அஸ்தானாவும் இலண்டனும் ஏறக்குறைய ஒரே அகலக்கோட்டில் இருந்தும் மாரிகால வெப்பநிலையில் வேறுபடுவது ஏன்? (இரு காரணங்கள் தருக.)