பயப்படும் பிள்ளையை யாரிடம் அழைத்துச் செல்வது?

பி.எட். படிப்பில் உளவியல் தாள் எழுதிய நம் எல்லோருக்கும் வாட்சனின் ஆல்பர்ட்டைத் தெரியும். வெள்ளை எலிக்கு அஞ்சாத அந்தக் குழந்தை எலியைத் தொடப் போகும்போதெல்லாம் பெரிய சத்தம் எழுப்பி, எலியைக் கண்டாலே அழும்படி செய்தார்கள். அந்தச் சோதனை வெளியான ஆண்டு 1920. நான்கு ஆண்டுகள் கழித்து மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் வெளியிட்ட பீட்டர் பற்றிய ஆய்வு அந்த அளவுக்கு நம் நினைவில் நிற்பதில்லை. ஆனால் வகுப்பறைக்கு அதிகம் தேவைப்படுவது அதுதான்.

மூன்று வயதை நெருங்கியிருந்த பீட்டருக்கு முயல் என்றால் பயம். அவன் தனக்குப் பிடித்த உணவைச் சாப்பிடும்போது, கூண்டிலிருந்த முயலை ஜோன்ஸ் தொலைவில் வைத்தார். பிறகு சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். முயலுக்கு அஞ்சாத பிள்ளைகளையும் அவனோடு விளையாட விட்டார். முடிவில் முயல் தன் விரலைக் கொறித்தாலும் பீட்டர் பயப்படவில்லை. பயம் கற்றுக்கொள்ளப்படுவது என்றால், அதைக் குறைக்கவும் கற்றுக்கொள்ளலாம். பதற்றத்துக்கும் பயத்துக்கும் இன்று தரப்படும் உளவியல் சிகிச்சையின் அடிப்படைகளுள் ஒன்று இதுவே.

இதில் நாம் கவனிக்க வேண்டியது 'சிறிது சிறிதாக' என்பது. பயப்படும் பிள்ளையை வலுக்கட்டாயமாக மேடையேற்றினால் பயம் கூடும். "சரி, வேண்டாம், நீ உட்கார்" என்று ஒவ்வொரு முறையும் விலக்கு அளித்தாலும் பயம் வேரூன்றும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள படிகளைத் திட்டமிடுவதற்குத்தான் பயிற்சி பெற்றவர் தேவை.

ஒரு மாணவி

என் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியுள்ளேன்.) அன்றிலிருந்து வரிசையில் நின்றாலே படபடப்பு, கை நடுக்கம், மூச்சு முட்டல். முதலில் கூட்டம் முடிந்த பிறகு வந்தாள். பின்னர் நெரிசலான பேருந்தில் ஏற மறுத்தாள். அரையாண்டுத் தேர்வு நெருங்கியபோது வாரத்தில் இரண்டு மூன்று நாள் விடுப்பு. வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். "படிச்சது போதும், வீட்டோட இருக்கட்டும்" என்ற பேச்சும் தொடங்கியது.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். இரத்தச்சோகை, தைராய்டு கோளாறு போன்றவையும் படபடப்பைத் தரும் என்பதால் உடல் பரிசோதனை அவசியம். அதில் குறை ஏதும் இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகும்படி மருத்துவர் சொன்னார். அவளுடைய அம்மா தயங்கினார்.

"டீச்சர், வெளியில தெரிஞ்சா நாலு பேர் என்ன பேசுவாங்க? நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவாங்க?"

"காய்ச்சலுக்குப் போற அதே ஆஸ்பத்திரிதாம்மா. அதே ஓ.பி. சீட்டுதான். அங்க சொல்றத அவங்க வெளியாள்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சட்டமே இருக்கு" என்றேன்.

நான் சொன்னது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். உயிருக்கு ஆபத்து போன்ற விதிவிலக்குகள் தவிர, சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைத்திருப்பது அதன்படி நோயாளியின் உரிமை.

உறவினர் ஒருவர் சொன்னதால் முதலில் தனியார் ஆலோசகர் ஒருவரிடம் போனார்கள். அவர் ஒரு மணி நேரம் "தைரியமாக இரு" என்று அறிவுரை கூறிவிட்டு, பத்து அமர்வுக்கு முன்பணம் கேட்டார். அவள் மறுபடி அங்கே போக மறுத்துவிட்டாள். அதன்பிறகே அரசு மருத்துவமனைக்குச் சென்றார்கள். அங்கிருந்த உளவியலாளர் அறிவுரை எதுவும் கூறாமல் கேள்விகள் கேட்டார். எங்கே, எப்போது பயம் வருகிறது, பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவாய் என்று கேட்டு, அவளையே ஒரு பட்டியல் எழுதச் சொன்னார். குறைந்த மதிப்பெண் பெற்ற செயல்தான் முதல் படி: கூட்டம் நடக்கும்போது வராண்டாவில் இரண்டு நிமிடம் நிற்பது. அடுத்தது, தோழியுடன் கடைசி வரிசை. படபடப்பு வந்தாலும் அது தணியும்வரை அங்கேயே நிற்க வேண்டும். மருந்து இப்போது தேவையில்லை என்றார் மனநல மருத்துவர்.

தலைமையாசிரியரும் உடற்கல்வி ஆசிரியரும் ஒத்துழைத்தார்கள். அவள் ஆண்டுத் தேர்வு எழுதினாள். படபடப்பு இன்னும் சில நாள் வருகிறது. வந்தால் போய்விடும் என்பது இப்போது அவளுக்குத் தெரியும்.

யார் எவர்?

மனநல மருத்துவர், மருத்துவம் படித்து மனநலத்தில் மேற்படிப்பு முடித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர், பேச்சு வழியாகவும் பயிற்சி வழியாகவும் சிகிச்சை தருபவர். மருந்து எழுத மாட்டார். இவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும்; பதிவு எண்ணைக் கேட்பது தவறல்ல. 'ஆலோசகர்' என்ற பலகையை மட்டும் நம்பாமல், என்ன படித்தார், எங்கே பயிற்சி பெற்றார் என்று விசாரிக்க வேண்டும்.

பெற்றோருக்குச் சொல்லித்தர வேண்டிய கேள்விகள்

1. உங்கள் படிப்பு, பதிவு எண் என்ன?
2. பிள்ளைகளின் பயத்துக்கும் பதற்றத்துக்கும் சிகிச்சை அளித்த அனுபவம் உண்டா?
3. என்ன முறையில் சிகிச்சை தருவீர்கள்? வீட்டிலும் பள்ளியிலும் செய்ய வேண்டிய பயிற்சி என்ன?
4. முன்னேற்றத்தை எப்படி அறிவது? எத்தனை வாரம் கழித்துப் பரிசீலிக்கலாம்?
5. கட்டணம் எவ்வளவு?

"ஒரே அமர்வில் குணம்" என்று உறுதி கூறுபவரையும், பிள்ளையைப் பேசவிடாமல் தானே பேசுபவரையும் தவிர்ப்பது நல்லது. முதலில் பார்த்தவர் பொருந்தவில்லை என்றால் வேறொருவரைப் பார்க்கலாம். அதற்காக முயற்சியையே கைவிடக் கூடாது.

நம் பங்கு

நாம் சிகிச்சையாளர் அல்லர். ஆனால் மாற்றத்தை முதலில் காணும் இடத்தில் இருக்கிறோம். அடிக்கடி வயிற்றுவலி, குறிப்பிட்ட பாடவேளையில் மட்டும் விடுப்பு, வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் வியர்ப்பது ஆகியவை சில வாரங்கள் தொடர்ந்தால் தேதியோடு குறித்து வைப்போம். அந்தக் குறிப்பு மருத்துவருக்குப் பெரிதும் உதவும். பிள்ளையிடம் தனியாகப் பேசுவோம். ஆசிரியர் அறையில் அதைப் பேச்சுப்பொருள் ஆக்க வேண்டாம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை இது. கட்டணமில்லை, 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பிள்ளை பேசினால், தனியே விடாமல் அன்றே பெற்றோருக்குத் தெரிவித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

இந்த எண் நமக்கும் உரியது. ஆய்வு நாளுக்கு முன்னிரவு உறக்கம் வராமல் இருப்பது இயல்பு. வாரக்கணக்கில் உறக்கம் கெட்டு, பள்ளி வாசலை நினைத்தாலே நெஞ்சு படபடத்தால், மேற்சொன்ன ஐந்து கேள்விகளை நமக்காகவும் கேட்கலாம்.